காத்திருக்கத் தெரிந்த அறிவியலாளர்

ஓர் ஆய்வால் மூன்று ஆண்டுகளில் என்ன பயன் விளையும் என்று அறிவியலாளர்களைக் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. மக்கள் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தவறன்று. ஆனால், அந்தக் கேள்வி எழும்போதெல்லாம் டோரதி ஹாட்ஜ்கினின் வாழ்க்கை என் நினைவுக்கு வருகிறது.

1910-இல் கெய்ரோவில் பிறந்த அந்த ஆங்கிலேயப் பெண்மணி, ஆக்ஸ்போர்டில் வேதியியல் பயின்றபின், கேம்பிரிட்ஜில் ஜே.டி. பெர்னாலுடன் ஆய்வில் இறங்கினார். படிகத்தின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் அவை சிதறிப் படச்சுருளில் புள்ளிகளாகப் பதியும். அவற்றின் இடத்தையும் செறிவையும் கணக்கிட்டு அணுக்களின் அமைப்பை அறியலாம். புரதங்கள் மட்டும் தெளிவான படம் தராமல் போக்குக் காட்டின.

1934-இல், இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நொதியின் படிகங்கள் சுவீடனிலிருந்து வந்தன. உலர்ந்தால் அவை சீர்குலைவதைக் கண்ட பெர்னால், வளர்ந்த கரைசலோடே நுண்குழாயில் இட்டுப் படமெடுத்தார். புள்ளிகள் தெளிவாக விழுந்தன. நொதிக்குத் திட்டமான வடிவம் உண்டென்பதை அப்படம் உறுதிசெய்தது. அன்று டோரதி, கைவலிக்காக மருத்துவரைக் காணச் சென்றிருந்தார். அந்த முடக்குவாதம் வாழ்நாள் முழுதும் அவரை வருத்தியது. ஆனால் ஆய்வை நிறுத்தவில்லை. பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டறிந்து 1964-இல் நோபல் பரிசு பெற்றார். 1935-இல் முதன்முதலாகப் படமெடுத்த இன்சுலினின் அமைப்பை 1969-இல்தான் கண்டறிந்தார். இடையில் கழிந்தவை 34 ஆண்டுகள்.

இதற்கிடையே 1965-இல், லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் முட்டை வெண்கருவிலுள்ள லைசோசைம் நொதியின் அமைப்பை வெளியிட்டனர். பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி, அந்நொதியின் பிளவில் பொருந்தி வெட்டுண்ணும் விதம் அதிலிருந்து புலப்பட்டது.

பெப்சினின் குடும்பத்தைச் சேர்ந்த நொதி ஒன்று எச்ஐவி வைரஸிலும் உண்டு. அதன் படிக அமைப்பு 1989-இல் தெரியவந்தது. அதன் துணையோடு வடிவமைக்கப்பட்ட மருந்துகள், சாவின் விளிம்பில் நின்ற எண்ணற்றோரை மீட்டன. 1934-இல் பெப்சின் ஆய்வின் பயனைக் கேட்டிருந்தால், செரிமானத்தைத் தவிர வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? எச்ஐவி என்றொரு வைரஸ் உண்டென்பதே அன்று எவருக்கும் தெரியாது.

1994-இல் டோரதி மறைந்தார். அடிப்படை ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர், உடனடிப் பயனை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து நான் பெறும் பாடம். கணக்குக் கேட்போம், காலத்தையும் கொடுப்போம்.