கரண்ட் வராத வெளிச்சம்: யாக்கோவ் ஃப்ரெங்கெல்

மெட்டீரியல் சயின்ஸ் பேப்பரில் ஃப்ரெங்கெல் டிஃபெக்ட் இரண்டு மார்க் கேள்வியா வரும். அயனி ஒன்று தன் இடத்தை விட்டுட்டு இடுக்கில் போய் உட்காரும்னு எழுதி, படம் போட்டு, அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார்? இன்னைக்கு கணினியில் இன்சுலேட்டர்களை ஆராய்கிறவர்களுக்கு அவர் ஏன் தேவைப்படுகிறார்?

யாக்கோவ் ஃப்ரெங்கெல் 1894இல் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் பிறந்தார். பெத்ரோகிராத் பல்கலைக்கழகத்தில் படித்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கிரிமியாவின் சிம்ஃபெரோபோலுக்குப் பாடம் நடத்தப் போனார். 1919இல் வெள்ளைப் படை ஊரைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். 1921இல் திரும்பி வந்தார். அதன்பிறகு இயாஃபே நடத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு, லெனின்கிராத் பாலிடெக்னிக்கில் பாடம். ஆமா, அவர் முப்பது வருஷம் பாடம் எடுத்தது நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்களுக்குத்தான். வயலின் வாசிப்பார், ஓவியமும் வரைவார்.

நாம் படிக்கிற அந்த டிஃபெக்ட் 1926இல் வந்தது. 1930-31இல் வருகைப் பேராசிரியராக அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரைக் குடைந்த கேள்வி ரொம்ப எளிமையானது. இன்சுலேட்டர் மேல் ஒளி பட்டு எலக்ட்ரான் மேல் மட்டத்துக்குக் குதித்தால், அது சுதந்திரமா ஓடணும், கரண்ட் வரணும். ஆனா சில ஒளியைப் படிகம் நல்லா உறிஞ்சிக்கும், கரண்ட் மட்டும் வராது. கடைசியில் அந்த ஆற்றல் வெப்பமாகிவிடும். நடுவில் அது எங்கே இருந்தது?

1931இல் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் பதில் சொன்னார். எலக்ட்ரான் தன் அணுவை விட்டு ஓடுவதில்லை. கிளர்ச்சிதான் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு அலையாகப் பரவுகிறது. எலக்ட்ரானும் அது விட்டுப் போன துளையும் ஜோடியாகவே நகர்வதால் மொத்த மின்னூட்டம் பூஜ்யம். ஆற்றல் நகரும், கரண்ட் வராது. 1936இல் இந்த ஜோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர் வைத்தார். உலோகத்தில் எலக்ட்ரான்கள் கூட்டம் கூட்டமா நின்று அந்த ஈர்ப்பை மறைத்துவிடும். இன்சுலேட்டரில் மறைக்க ஆள் குறைவு, அதனால் பிடி இறுகிடும்.

இப்போ நம்ம லேப்டாப்புக்கு வருவோம். லித்தியம் ஃப்ளோரைடை எடுத்துக்கோங்க. அதன் பேண்ட் கேப் ஏறத்தாழ 14 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண டி.எஃப்.டி. கணக்கு 9 பக்கத்தில் நின்றுவிடும். அதைச் சரி செய்ய ஜி.டபிள்யூ. முறை இருக்கு. போட்டால் கேப் சரியாயிடும். ஆனா பரிசோதனையில் 12.6 பக்கத்தில், அதாவது கேப்புக்கும் கீழே, பனைமரம் மாதிரி நிற்கிற உச்சம் நம்ம வரைபடத்தில் இன்னும் வந்திருக்காது. கே-பாயிண்ட்டைக் கூட்டுவோம், கட்-ஆஃபை ஏற்றுவோம், ராத்திரி முழுக்க ஓட்டுவோம். ம்ஹூம். கணக்கு அழகா கன்வர்ஜ் ஆகும், தப்பான விடைக்கு.

காரணம், எலக்ட்ரானும் துளையும் ஒன்றை ஒன்று இழுப்பதையே அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் சார்ந்த டி.எஃப்.டி.க்குப் போனாலும், எளிய எல்.டி.ஏ. வகை கெர்னலில் நீண்ட தூர ஈர்ப்பு கிடையாது, உச்சம் வராது. பெத்தே-சால்பீட்டர் சமன்பாட்டில் அந்த ஈர்ப்பைச் சேர்த்தால்தான் வரும். முதலில் கேப்பைச் சரிபாருங்க. அப்புறம் ஈர்ப்பைச் சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. உச்சம் வந்த பிறகும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அப்போ கே-பாயிண்ட்டையும் பேண்ட் எண்ணிக்கையையும் கூட்டலாம். இந்த வரிசை மாறினால் சர்வர் நேரம்தான் வீண்.

ஃப்ரெங்கெலிடம் சர்வர் இல்லை. கரண்ட் வரலையே என்ற ஒரு முரண்பாடுதான் இருந்தது. அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்காமல், படத்திலேயே ஏதோ விட்டுப்போச்சு என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பிடிவாதத்துக்கு விலையும் உண்டு. இயற்பியலுக்கு அரசுத் தத்துவம் வழிகாட்டத் தேவையில்லை என்ற நிலைப்பாட்டுக்காகச் சோவியத் நாட்டில் கடும் கண்டனம் வாங்கினார். போரில் கசானுக்கு இடம்பெயர்ந்தபோதும் திரவங்களைப் பற்றிய பெரிய நூலை எழுதி முடித்தார். 1947இல் அதற்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

1952 ஜனவரி 23 அன்று, 57 வயதில், லெனின்கிராதில் இறந்தார். அதே ஆண்டு, அதே ஊரில், அவர் வேலை பார்த்த அதே நிறுவனத்தைச் சேர்ந்த குரோஸும் கர்ரியேவும் குப்ரஸ் ஆக்சைடு படிகத்தில் எக்ஸைட்டான் கோடுகளை வரிசையா அளந்து வெளியிட்டார்கள். அது ஃப்ரெங்கெல் வரைந்த இறுக்கமான ஜோடி இல்லை. 1937இல் வானியர் விவரித்த தளர்வான வகை. ஆனா ஜோடி நிஜம் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை.