இராபர்ட் பியரி

இராபர்ட் எட்வின் பியரி (மே 6, 1856 - பெப்ரவரி 20, 1920) என்பவர் அமெரிக்கக் கடற்படைப் பொறியாளரும் வடமுனை ஆய்வுப் பயணியும் ஆவார். 1909 இல் வடமுனையை அடைந்ததாக அறிவித்தமைக்காக இவர் பரவலாக அறியப்படுகிறார். கிறீன்லாந்தின் கேப் யார்க் பகுதியில் இருந்த மாபெரும் இரும்பு விண்கற்களை முதன்முதலில் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

பியரி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிரெசன் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த இவர் மேய்ன் மாநிலத்தில் தாயாரிடம் வளர்ந்தார். 1877 இல் போடன் கல்லூரியில் பொறியியல் கற்றுத் தேறினார். 1881 இல் கடற்படையில் பொறியாளராகச் சேர்ந்து, நிக்கராகுவாவில் கால்வாய் அமைப்பதற்கான நில அளவைப் பணியில் ஈடுபட்டார். இவருடைய பயணங்களில் நீண்டகாலம் துணை நின்ற மத்தியூ என்சன் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 1887 இல் இவரிடம் பணியில் சேர்ந்தார்.

விண்கற்களைத் தேடுதல்

1818 இல் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜோன் ராஸ் வடமேற்குக் கிறீன்லாந்தில் இனுவிட் மக்களைச் சந்தித்தபோது, அவர்களிடம் இரும்பு முனை பதித்த கத்திகள் இருப்பதைக் கண்டார். அவ்விரும்பு ஒரு மலையிலிருந்து கிடைத்ததாக அவர்கள் கூறினர். அதில் நிக்கல் கலந்திருந்ததால் அது விண்ணிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. எனினும் பின்வந்த பயணக் குழுக்களால் அம்மலையைக் கண்டறிய இயலவில்லை.

1894 மே மாதம் இனுவிட் வழிகாட்டி ஒருவர் பியரியை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்தது மலையன்று, தனித்தனியான இரும்புப் பாறைகளே. இனுவிட் மக்கள் அவற்றைக் கூடாரம், பெண், நாய் எனப் பெயரிட்டு அழைத்தனர். பல தலைமுறைகளாக வேறிடங்களிலிருந்து கொண்டுவந்த கடினமான கற்களால் அடித்துச் சிறுசிறு இரும்புத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்து, கத்தியும் ஈட்டி முனையும் செய்து வந்தனர். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் மூலம் இரும்பு கிடைக்கத் தொடங்கிய பின்னர் இவ்வழக்கம் குறைந்தது.

கொண்டுசெல்லல்

ஏறத்தாழ 3 தொன் எடையுள்ள பெண், 400 கிலோகிராம் எடையுள்ள நாய் ஆகிய இரண்டையும் பியரி 1895 இல் கப்பலேற்றினார். ஏறத்தாழ 31 தொன் எடையுள்ள கூடாரத்தை 1896 இல் எடுக்க முயன்று தோல்வியுற்றார். மறு ஆண்டு இனுவிட் மக்களின் உழைப்புடன் பாரந்தூக்கிகளையும் தண்டவாளங்களையும் பயன்படுத்தி அதனைக் கப்பலில் ஏற்றினார். கிறீன்லாந்தில் பிறந்த இவருடைய மகள் மேரியின் நடுப்பெயரான அனிகீட்டோ என்பதே அக்கல்லுக்கும் பெயராயிற்று. 1909 இல் மூன்று விண்கற்களும் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்கு 40,000 டொலருக்கு விற்கப்பட்டன. அனிகீட்டோவின் எடையைத் தாங்குவதற்காக அதன் தாங்கிகள் கட்டடத்தின் கீழுள்ள பாறை வரை இறக்கப்பட்டுள்ளன.

நியூயோர்க் சென்ற இனுவிட் மக்கள்

1897 இல் அதே கப்பலில் இனுவிட் மக்கள் அறுவரையும் பியரி நியூயோர்க்கிற்கு அழைத்துச் சென்றார். சில மாதங்களுக்குள் அவர்களில் நால்வர் காசநோயால் இறந்தனர். ஒருவர் ஊர் திரும்பினார். மினிக் என்னும் சிறுவன் மட்டும் அங்கேயே வளர்ந்தான். அவனுடைய தந்தை கிசுக்கிற்கு நல்லடக்கம் நடந்ததாக அவனை நம்பவைத்த அருங்காட்சியகத்தினர், உண்மையில் உடலின் எலும்புகளைச் சேகரிப்பில் வைத்திருந்தனர். பின்னாளில் உண்மையறிந்த மினிக் அவற்றைத் திருப்பித் தருமாறு வேண்டியும் பயனில்லை. அவர் 1918 இல் காலமானார். 1993 இலேயே நால்வரின் எலும்புகளும் கிறீன்லாந்தின் கானாக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டன. விண்கற்கள் நியூயோர்க்கிலேயே உள்ளன.

வடமுனைப் பயணம்

1899 இல் பனிக்கடியால் பியரி எட்டுக் கால்விரல்களை இழந்தார். ஆயினும் பயணங்களைக் கைவிடவில்லை. 1909 ஏப்ரல் 6 அன்று என்சனுடனும் இனுவிட் மக்கள் நால்வருடனும் வடமுனையை அடைந்ததாக அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே தான் அங்குச் சென்றதாக பிரடெரிக் குக் கூறியதால் சர்ச்சை எழுந்தது. பியரியின் நாட்குறிப்புகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர் பலர் இவர் முனையை எட்டியிருக்க மாட்டார் எனக் கருதுகின்றனர். 1911 இல் இவருக்கு ரியர் அட்மிரல் பதவி அளிக்கப்பட்டது. 1920 இல் வாசிங்டனில் காலமானார்.

பிற்காலத் தேடல்கள்

1963 இல் டென்மார்க் அறிவியலாளர் வாகன் புக்வால்ட் கேப் யார்க் பகுதியில் அதே விண்கல்லின் சுமார் 20 தொன் எடையுள்ள வேறொரு துண்டைக் கண்டறிந்தார். அது கோபன்கேகனில் வைக்கப்பட்டுள்ளது. அந்தாட்டிக்காவில் முதல் விண்கல் 1912 இல் மோசனின் ஆய்வுக்குழுவினருக்குக் கிடைத்தது. 1969 இல் சப்பானியர் யமாட்டோ மலைகளருகே ஒன்பது விண்கற்களைக் கண்டெடுத்த பின்னரே முறையான தேடல் தொடங்கியது. பனியில் புதைந்த கற்கள் பனியோட்டத்துடன் நகர்கின்றன. மலைகள் பனியைத் தடுக்கும் இடங்களில் காற்று அதனைத் தேய்ப்பதால் கற்கள் நீலப்பனியின் மேற்பரப்பில் வெளிப்படுகின்றன. இவ்வாறு பல பத்தாயிரம் விண்கற்கள் அங்குச் சேகரிக்கப்பட்டுள்ளன.