கோலத்தின் வளைவில் கணிதம் கண்ட பேராசிரியர்

இறைவன் மனிதருக்கு அளிக்கும் கொடைகள் பலவகைப்படும். சிலருக்குக் குரல் வளம், சிலருக்குக் கைத்திறன், சிலருக்கு எண்ணும் எழுத்தும். எல்லோரும் நாள்தோறும் மிதித்துக் கடக்கும் ஒன்றில், எவரும் காணாத ஒழுங்கைக் காணும் கண்ணைப் பெற்றவர் மிகச் சிலரே. அத்தகையவர் ஒருவர் நம் செங்கல்பட்டுச் சீமையிலேயே வாழ்ந்தார். கொடை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே தம் பெயராகக் கொண்ட பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அவர்களின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நம் தோழியருக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

1932ஆம் ஆண்டு பிறந்த சிரோமணி அவர்கள், தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். பின்னர் அங்கே புள்ளியியல் துறையின் தலைவராகவும் விளங்கினார். அவருடைய துணைவியார் ராணி சிரோமணி அவர்களும் அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். 2019இல் மறைந்த அம்மையார், கணினி இயலுக்கு அடிப்படையான வடிவமொழி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். இல்லறத்திலும் ஆராய்ச்சியிலும் இணைந்து நடந்த இல்லம் அது.

கணிதம் படித்தவர் கணிதத்தோடு நின்றுவிடுவது உலக வழக்கம். சிரோமணி அவர்களோ, தம்மைச் சுற்றியிருந்த தமிழகத்தையே தம் கணக்குப் புத்தகமாகக் கொண்டார். 1948இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் செய்தியை அளக்கும் முறை ஒன்றை வகுத்தார். ஓர் எழுத்தைப் பார்த்ததும் அடுத்த எழுத்து எது என்று எவ்வளவு தூரம் ஊகிக்க முடியும் என்பதே அதன் அடிப்படை. எளிதில் ஊகிக்கக்கூடிய எழுத்து குறைவான செய்தியையே தருகிறது. ஊகிக்க முடியாதது மிகுந்த செய்தியைத் தருகிறது. இந்த அளவுகோலைத் தமிழ் உரைநடைக்குப் பொருத்திப் பார்த்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பன்னாட்டு ஆராய்ச்சி இதழொன்றில் இடம்பெற்றது.

அவருடைய கண் அடுத்து மாமல்லபுரத்தின் மீது விழுந்தது. அங்குள்ள குகைகளையும் தேர்களையும் எந்தப் பல்லவ மன்னன் எப்போது செதுக்குவித்தான் என்பது அறிஞரிடையே நீண்ட காலமாக நடந்துவரும் வாதம். சிரோமணி அவர்கள் சிற்பங்களின் அழகை வியந்ததோடு நிற்கவில்லை. காதில் என்ன அணி, இடையில் என்ன உடை, தோளில் பூணூல் எப்படிச் செல்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். நாகரிகம் காலத்துக்குக் காலம் மாறுவதால், உடையும் அணியும் சிற்பத்தின் காலத்துக்குச் சாட்சி கூறும் அல்லவா? மாமல்லபுரத்தின் உடைகளையும் அணிகலன்களையும் பற்றிய அவருடைய கட்டுரை 1970இல் வெளிவந்தது. பின்னர் சிற்பங்களின் உறுப்புகளை அளந்து, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு, புள்ளியியல் முறையில் ஒப்பிட்டும் ஆராய்ந்தார். உளி பிடித்த கைகள் விட்டுச் சென்ற வளைவுகளை எண்களால் படிக்க முடியும் என்று இதனால் விளங்கிற்று.

ஆயினும் அவருடைய ஆராய்ச்சிகளில் நம் பெண்குலத்துக்கு நெருங்கியது கோலத்தைப் பற்றியதே ஆகும்.

விடியலில் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, அரிசி மாவில் இழை இழுத்து முடிக்கிறாள் ஒரு தாய். ஏறுபொழுதுக்குள் அது காலடியில் கலைந்துவிடுகிறது. பள்ளிக்கூட வாசலையே மிதியாத பெண்கள்கூட நூற்றுக்கணக்கான வளைவுகளைப் பிசகாமல் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனை அறிவு என்று மதித்தவர் எத்தனை பேர்? கைப்பழக்கம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கியவரே பலர். சிரோமணி அவர்களோ, அப்பெண்கள் நெஞ்சில் வைத்திருப்பது என்ன என்று கேட்டார். முழுப் படத்தையுமா, அல்லது கை நகரவேண்டிய முறையையா?

கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் சேர்ந்து 1974இல் கோலத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்து வெளியிட்டார்கள். இலக்கணம் என்றதும் நமக்கு நன்னூல் நினைவுக்கு வரும். சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை அமைப்பதுபோல, சில விதிகளைக் கொண்டு சிறு கோலத்திலிருந்து பெரிய கோலமாக, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கோலங்களை வரிசையாகப் பிறப்பிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். பின்னர், சிரோமணி அவர்களும் உடன் ஆராய்ந்தோரும் புள்ளிகளைச் சுற்றி ஓடும் கம்பிக் கோலத்தை ஏழே ஏழு அசைவுகளாகப் பிரித்தார்கள். நேரே செல்வது ஒன்று. வலப்புறம் சற்றே திரும்புதல், அரைச் சுற்று, முழுச் சுழி என மூன்று. அவ்வாறே இடப்புறம் மூன்று. எவ்வளவு சிக்கலான கோலமும் இந்த ஏழின் கோவையே. வாசலில் குனிந்த தாயின் விரல்கள் செய்வதும் இதுவே.

இதில் எத்துணைக் கணக்கு அடங்கியிருக்கிறது என்பதை நம் தோழியர் தாமே சோதித்துப் பார்க்கலாம். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் இடையிலெல்லாம் இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு கோலம் இடுங்கள். தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும் ஒரே இழையில் அது முடிந்துவிடும். வரிசைக்கு 4 புள்ளியாக 4 வரிசை வைத்தாலோ, தனித்தனியான 4 இழைகள் வேண்டும். 3, 4 ஆகியவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 1; 4, 4 ஆகியவற்றுக்கு அது 4. ஆறாம் வகுப்பில் நாம் சலிப்போடு போட்ட கணக்கு, மாக்கோலத்தில் மறைந்திருக்கிறது!

இன்று கணினித் திரையில் வளைவு வரைவோர் பலரும் இத்தகைய வழியிலேயே நடக்கிறார்கள். படத்தைப் புள்ளிப் புள்ளியாகச் சேமிப்பது ஒரு முறை. கோடு எங்கே தொடங்கி, எப்படித் திரும்பி, எங்கே முடிகிறது என்று தடத்தை மட்டும் சேமிப்பது மற்றொரு முறை; இதனை வெக்டர் முறை என்பர். 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் பியர் பெசியே, ரெனோ நிறுவனத்தில் கார்களின் உடல் வளைவுகளை ஒரு சில புள்ளிகளால் குறிக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அவ்வளைவு இரு முனைப் புள்ளிகளைத் தொடுகிறது. இடைப்புள்ளிகளோ பொதுவாகக் கோட்டின்மேல் அமையாமல், அதனைத் தம் பக்கம் ஈர்த்து வளைக்கின்றன. கம்பிக் கோலத்திலும் இழை புள்ளியைத் தொடாமல், புள்ளியால் வழிநடத்தப்பட்டு ஓடுகிறதல்லவா?

புகைப்படத்தைச் சட்டமிடும்போது சுற்றிலும் வைக்கும் மவுண்ட் அட்டையை நாம் பார்த்திருக்கிறோம். முட்டை வடிவிலோ பூவிதழ் வடிவிலோ அதில் சாளரம் வெட்டும் இயந்திரத்துக்கும் இத்தகைய தடமே கட்டளை. கோடு தொடங்கிய இடத்தில் வந்து மூடாவிட்டால் அட்டைத் துண்டு கழன்று விழாது. தேவைக்கு மேல் புள்ளிகளை வைத்தாலோ வளைவின் ஓட்டம் கெட்டு, கத்தி தயங்கித் தயங்கிச் சென்று விளிம்பு கரடுமுரடாகும். குறைந்த புள்ளி, தடையற்ற ஓட்டம், குறைவின்றி மூடுதல்: இம்மூன்றையும் நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

வளைவுகளின் மீது அவர் கொண்ட ஈடுபாடு தமிழ் எழுத்துக்கும் உதவிற்று. அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி தானே அடையாளம் காணும் வழியைப் பற்றி, 1978இல் அவரும் உடன் ஆராய்ந்தோரும் கட்டுரை வெளியிட்டனர். நம் நாட்டில் கணினி என்ற சொல்லே பலர் காதில் விழாத காலம் அது.

1988ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தைந்தாம் வயதில், சிரோமணி அவர்கள் இறைவனடி சேர்ந்தார். செய்து முடித்த பணி பெரிது. செய்திருக்கக்கூடியது அதனினும் பெரிது என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அன்புத் தோழியரே! பொங்கலுக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் நம் கத்தோலிக்க இல்லங்களிலும் ஆலய முற்றங்களிலும் கோலம் மலர்கிறது. அதைப் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்து, எனக்குக் கணக்கு வராது என்று சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? அடுக்குமாடி வீடுகளில் வாசலும் இல்லை, ஒட்டும் கோலம் கடையில் கிடைக்கிறது. பாட்டியின் விரல்களோடு அவள் அறிந்த கோலங்களும் மறைந்து போகலாம். ஆகவே இந்த விடுமுறையில் பாட்டியின் அருகில் அமர்ந்து, ஒரு குறிப்பேட்டில் அவர் போடும் கோலங்களை எழுதி வைப்போம். எத்தனை புள்ளி, எத்தனை இழை, எங்கே தொடக்கம், எந்தப் பக்கம் திரும்பல் என்று கேட்டு எழுதுவோம். எழுதியதைக் கணக்கு ஆசிரியையிடம் கொண்டு சென்று காட்டுவோம். பேராசிரியர் சிரோமணி அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே ஆகும்.