ஊர் முழுதும் பிணை நின்ற கடன்: ரைபைசன்

மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் போருக்குப் பின் நுண்கடன் எடுத்த பெண்களுக்குக் குழுப்பிணை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஒருவர் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பேற்பதை ஜேர்மனியின் ஏழைக் கிராமங்களில் ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். ஆனால் அவருடைய சங்கத்தில் கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆட்கள்.

1818 மார்ச் 30 ஆம் திகதி ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். 17 வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்நோயால் விலக நேர்ந்தது. 1845 இல் வையர்புஷ் பகுதிக் கிராமங்களுக்கு மேயரானார். அடுத்த ஆண்டே பஞ்சம். அரசு மாவு அனுப்பியது, காசு உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கும்படி. காசு இருந்தால் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? ரைபைசன் உத்தரவை மீறிக் கடனுக்குக் கொடுத்தார். வசதியானவர்களிடம் பணம் திரட்டிப் பொது அடுப்பு கட்டி, குறைந்த விலையில் பாண் வழங்கினார்.

1848 இல் பிளாமர்ஸ்பெல்டுக்கு மாற்றலானார். அங்கே விவசாயியின் மாடும் வட்டிக்காரன் கையில் இருந்தது. மறு ஆண்டு அமைத்த உதவிச் சங்கம் மாடு வாங்கிக் கொடுத்து, 5 ஆண்டுத் தவணையில் பணத்தைத் திரும்பப் பெற்றது. வட்டிக் கொடுமைக்கு யூத வணிகர்களைக் குற்றஞ்சாட்டி அவர் எழுதியவை அவர் பெயரில் படிந்த கறை. அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கங்களுக்குப் பணம் போட்டவர்கள் செல்வந்தர்கள். கொஞ்சக் காலத்தில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. கிறிஸ்தவ ஈகையில் ஊறிய ரைபைசனுக்கு இது கசப்பான பாடம். 1864 இல் ஹெடெஸ்டோர்பில் சங்கத்தை மாற்றி அமைத்தார். கடன் வேண்டுமா, உறுப்பினராகச் சேர். சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தன் முழுச் சொத்தோடும் பொறுப்பு. எல்லை ஒரு ஊரளவுதான். யார் உழைப்பாளி, யார் குடிகாரன் என்று அயலுக்குத் தெரியும். எதற்குக் கடன் என்று கேட்டே கொடுத்தார்கள். கணக்காளரைத் தவிர யாருக்கும் சம்பளம் இல்லை.

இதற்கிடையே 1863 இல் மனைவி எமிலி இறந்தார். உடல்நலம் கெட்டு 47 வயதில் பதவியிலிருந்து ஓய்வு. சிறிய ஓய்வூதியம் போதாமல் வைன் வியாபாரம் செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1866 இல் கடன் சங்கங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். பார்வை மங்க மங்க மகள் அமாலியாவே அவருக்காக வாசித்தார், எழுதினார். 1888 மார்ச் 11 ஆம் திகதி ரைபைசன் காலமானார்.

சில ஆண்டுகளில் சென்னை மாகாண அதிகாரி பிரெடெரிக் நிக்கல்சன் இம்முறையை ஆராய்ந்து பரிந்துரைத்தார். 1904 இல் இந்தியாவிலும் 1911 இல் இலங்கையிலும் கடன் கூட்டுறவுச் சட்டங்கள் வந்தன. எங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வழி வந்தவை.

போருக்குப் பின் வந்த கம்பனிகள் பிணையை மட்டும் எடுத்துக்கொண்டன. உரிமை பெண்களிடம் வரவில்லை. வாராந்தத் தவணையோடு வட்டியும் ஊரைவிட்டுப் போனது. 2018 இல் அரசாங்கம் ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைக்கவேண்டி வந்தது. ரைபைசன் சங்கத்தில் மிஞ்சியதைப் பங்கு பிரிக்க முடியாது. அது பொதுச் சேமநிதியில் சேர்ந்தது. சங்கம் கலைந்தாலும் உறுப்பினர்கள் அதைப் பிரித்தெடுக்கக் கூடாது என்பது விதி.