தாமஸ் பிரான்ஸிஸ்

1918-ம் வருஷத்தில் பரவிய இன்புளுயன்ஸா ஜுரத்தில் அன்றைய இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நோயை உண்டாக்கும் வைரஸ் இன்னதென்று அக்காலத்தில் வைத்தியர்கள் அறியார். பின்னர் அதை எதிர்த்துப் போராடியோருள் முன்னணியில் நின்றவர் டாக்டர் தாமஸ் பிரான்ஸிஸ்.

1900-ம் வருஷம் அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் பிறந்த இவர், 1925-ல் யேல் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1933-ல் ஆங்கில ஆராய்ச்சியாளர் மூவர் இன்புளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்தனர். மறு வருஷமே பிரான்ஸிஸ் அதனை அமெரிக்காவில் பிரித்தெடுத்தார். 1940-ல் 'பி' என்னும் வேறொரு வகையும் உண்டென நிலைநாட்டினார்.

1941-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் தொற்றுநோய் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை ஏற்றார். அது யுத்த காலம். பட்டாளத்துக்குத் தடுப்பு மருந்து வேண்டியிருந்தது. இளைஞர் ஜோனாஸ் ஸால்க்கைத் துணைகொண்டு, கோழி முட்டையில் வைரஸை வளர்த்து, பார்மலினால் அதன் வீரியத்தை ஒழித்து மருந்து தயாரித்தார். 1943-ல் பரீக்ஷித்தபோது, ஊசி போடாதோரில் நூற்றுக்கு ஏழு பேர் நோயுற்றனர். போட்டுக்கொண்டோரில் இரண்டு பேரே நோயுற்றனர். வெற்றி நிச்சயமென்று உலகம் நம்பியது.

1947-ல் அந்த நம்பிக்கை தகர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டோரும் போடாதோரும் ஏறக்குறைய ஒரே அளவில் காய்ச்சலில் விழுந்தனர். தமது புகழைக் காக்கும் பொருட்டு வேறு சமாதானம் தேடுவது மனித சுபாவம். பிரான்ஸிஸ் அவ்வாறு செய்யவில்லை. அவ்வருஷமே தோல்வியை எண்ணிக்கைகளுடன் பிரசுரித்தார்.

வைரஸ் தனது வேஷத்தை மாற்றிக்கொண்டதே தோல்விக்குக் காரணம். அதன் மேற்புறத்தில் முட்கள் போல் நிற்கும் ஒரு புரதத்தின் தலைப்பகுதி அடிக்கடி மாறுகிறது. நமது தேகம் பெரும்பாலும் அத்தலையைக் கண்டே எதிரியை அடையாளம் கொள்கிறது. தலை மாறினால் அடையாளம் பொய்க்கிறது. இளமையில் முதன்முதல் கண்ட வைரஸையே தேகம் ஆயுள் முழுதும் முதன்மையாக நினைவிற் கொள்கிறதென்றும் பிரான்ஸிஸ் கண்டார். கிறிஸ்தவ சமயத்தின் ஆதி பாபக் கொள்கையையொட்டி 1960-ல் அதற்குப் பெயருமிட்டார்.

ஆனால் வைரஸின் எல்லா உறுப்பும் மாறுவதில்லை. அப்புரதத்தின் காம்புப் பகுதியும், உள்ளிருக்கும் சில புரதங்களும் பெரும்பாலும் நிலையாக இருக்கின்றன. அவற்றைத் தாக்குமாறு தேகத்தைப் பழக்கினால், ஆண்டுதோறும் மருந்தை மாற்றும் அவசியம் குறையுமென்று இன்றைய விஞ்ஞானிகள் முயல்கின்றனர். எல்லா வகைக்கும் போதுமான ஒரே மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. எனினும் அம்முயற்சியின் அவசியத்தை முதன்முதல் தெளிவாக உணர்த்தியது 1947-ன் தோல்வியே.

சிஷ்யர் ஸால்க் இளம்பிள்ளை வாதத்துக்கு மருந்து கண்டபோது, அதைப் பதினெட்டு லக்ஷம் குழந்தைகளிடையே பரீக்ஷித்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பு குருவிடமே வந்தது. 1955-ல் அம்மருந்து பலனளிப்பதென அவர் அறிவித்ததை உலகம் ஐயமின்றி ஏற்றது. தமது மருந்தின் தோல்வியையே மறைக்காதவர் சிஷ்யனுக்காகப் பொய் சொல்வாரா?

1969-ல் பிரான்ஸிஸ் காலமானார். வெற்றியைப் பறைசாற்றுவோர் எங்கும் உளர். தோல்வியை எழுதி வைத்து, பின்வருவோர்க்கு வழி காட்டுவோர் சிலரே. பொதுக் காரியத்தில் இறங்கும் யாவரும் அவரை நினைவிற் கொள்வது நன்று.