ம. சு. மணி

மகாதேவ சுப்பிரமணிய மணி (மார்ச் 2, 1908 - சனவரி 8, 2003) தஞ்சாவூரில் பிறந்த இந்தியப் பூச்சியியலாளர் ஆவார். உயர்மலைப் பூச்சிகள், பூச்சிகளால் தாவரங்களில் உண்டாகும் புடைப்புகள், கால்சிட் குளவிகள் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார்.

புடைப்பு ஆய்வுகள்

இந்தியப் புடைப்பு ஈக்களைப் பற்றி இவர் எழுதிய நீண்ட ஆய்வுக்கட்டுரை 1934 இல் வெளிவந்தது. காவிரிப் படுகை உழவர்கள் நன்கறிந்த ஆனைக்கொம்பன் ஈ இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இதன் புழு நெற்குருத்தினுள் புகுந்து வளர்முனையை அடைந்ததும், பயிர் தன் இலையுறையை வெங்காயத்தாள் போன்ற வெளிறிய குழலாக நீட்டிவிடுகிறது. அத்தூரில் கதிர் வராது. குழலைக் கட்டுவது புழு அன்று, பயிரே. புடைப்பு என்பது அயல் உயிரின் தூண்டலுக்குத் தாவரம் காட்டும் வளர்ச்சி எதிர்வினை என்னும் இக்கருத்தை மணி 1964 இல் வெளிவந்த தம் 'எகாலஜி ஆஃப் பிளாண்ட் கால்ஸ்' நூலில் விரிவாக நிறுவினார். பழைய வேளாண் இதழ்களில் ஆனைக்கொம்பனின் அறிவியற்பெயரை அடுத்து உட்-மேசன், மணி என இரு பெயர்களும் காணப்படும்.

இமயமலையில்

ஆக்ராவின் புனித யோவான் கல்லூரியில் பூச்சியியல் பள்ளியை நிறுவிய மணி, 1950களின் நடுவில் வடமேற்கு இமயமலைக்கு ஆய்வுப் பயணங்களை நடத்தினார். சமவெளியிலிருந்து காற்றில் அடித்துச் செல்லப்படும் பூச்சிகள் பனிப்பரப்பில் விழுந்து உறைவதையும், அவற்றையே உணவாகக் கொண்டு மலைமேல் வேறு பூச்சிகள் வாழ்வதையும் இவர் விளக்கினார். இது குறித்த நூல்கள் 1962, 1968 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

கால்சிட் குளவிகள்

1938 இல் இந்தியக் கால்சிட் குளவிகளின் பட்டியலைத் தொகுத்த மணி, அரை நூற்றாண்டுக்குப் பின்னர், தம் 81 ஆம் வயதில், அவற்றைப் பற்றிய விரிவான நூலை 1989 இல் வெளியிட்டார். பிற பூச்சிகளின் முட்டைகளிலும் புழுக்களிலும் ஒட்டுண்ணிகளாக வளரும் இவை மிகச் சிறியவை. நெல், கரும்பு வயல்களில் அட்டைகளில் ஒட்டி வைக்கப்படும் டிரைக்கோகிரம்மாவும் இவ்வகையே.

உணர்கொம்பு, இறகு நரம்பு போன்ற புற அமைப்புகளைக் கொண்டு மணி வகுத்த பிரிவுகள் இன்று ரைபோசோம் மரபணுக்களைக் கொண்டு மீண்டும் சரிபார்க்கப்படுகின்றன. இதற்குப் பெரிதும் பயன்படும் 28எஸ் மரபணுவிலும் அயலார் நுழைவு உண்டு. ஆர்1, ஆர்2 எனப்படும் தாவும் கூறுகள் அம்மரபணுவின் குறிப்பிட்ட இடங்களில் செருகிக்கொள்கின்றன. இத்தகைய செருகல் முதலில் பழ ஈயில் 1970களில் கண்டறியப்பட்டது. பின்னர் கால்சிட் இனமான நசோனியா குளவியிலும் காணப்பட்டது. செருகப்பட்ட படி பெரும்பாலும் செயலிழந்துவிடும். அம்மரபணுவுக்குப் பல நூறு படிகள் இருப்பதால், எஞ்சியவற்றைக் கொண்டு பூச்சி உயிர்வாழ்கிறது.