எட்வின் லேண்ட்

எட்வின் லேண்ட் 1909 மே 7 அன்று அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் படிப்பை முடிக்கவில்லை. (நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் அடிதான் விழும்!) கண் கூசாமல் காக்கும் ஒளித்தாளைக் கண்டுபிடித்து, 1937-இல் போலராய்டு கம்பெனியைத் தொடங்கினார்.

1943-இல் குடும்பத்தோடு சுற்றுலா போனபோது மகளைப் படம் பிடித்தார். அவளுக்கு மூணு வயசு. படத்தை இப்பவே ஏன் பார்க்க முடியாது என்று அப்பாகிட்ட கேட்டாள். ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு வாங்கும் காலம் அது. வேற யாராவது என்றால் பேசாம இரு என்று சொல்லியிருப்பார்கள். இவர் அந்த ஊரில் நடந்துகொண்டே அதைப் பற்றி யோசித்தார்.

1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் விஞ்ஞானிகள் முன்னால் தன்னையே படம் பிடித்து, ஒரு நிமிஷத்தில் உரித்துக் காட்டினார். அடுத்த வருஷம் கேமரா கடைக்கு வந்தது.

1972-இல் வந்த எஸ்எக்ஸ்-70 கேமராதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படம் வெளியே வந்து, வெளிச்சத்திலேயே கண் முன்னால் தெரிய ஆரம்பிக்கும். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கெட்டுப்போகுமே, எப்படி? ஃபிலிமின் ஓரத்தில் ஒரு சின்னப் பையில் பசை இருக்கும். கேமராவின் உருளைகள் அதை நசுக்கிப் பரப்பும். பசையில் உள்ள கருஞ்சாயம் திரை போல வெளிச்சத்தை மறைக்கும். படம் உருவானதும் சாயம் நிறமில்லாமல் போய்விடும்.

பிறகு இவர் கொண்டுவந்த சினிமா கேமரா விற்கவில்லை. 1982-இல் தான் தொடங்கிய கம்பெனியை விட்டே வெளியேறினார். 1991 மார்ச் 1 அன்று இறந்தார்.

2008-இல் கம்பெனி ஃபிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. லட்சக்கணக்கான கேமராக்கள் வெறும் டப்பா ஆகிவிடும் நிலை. நெதர்லாந்தில் என்ஸ்கெடே ஊர் ஆலையின் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போகாமல் சிலர் வாங்கிக் காப்பாற்றினார்கள். பழைய தொழிலாளர்களும் கூட நின்றார்கள். ஆனால் பாருங்க, இயந்திரம் இருந்தும் சாமான் இல்லை! வேண்டிய ரசாயனங்கள் பலவற்றை யாருமே தயாரிக்கவில்லை. எல்லாவற்றையும் புதுசாக உருவாக்க வேண்டியிருந்தது.

2010-இல் புது ஃபிலிம் வந்தது. அந்தக் கருந்திரைதான் சரியாக அமையவில்லை. படம் வெளியே வந்த உடனே கையால் மூட வேண்டும், இல்லையென்றால் வெளுத்துவிடும். குளிர், வெயில் பட்டாலும் நிறம் மாறியது. பல வருஷம் திருத்தித் திருத்தித்தான் சரி செய்தார்கள். 2020-இல் அவர்கள் கம்பெனிக்கே போலராய்டு என்ற பெயர் வந்தது.

இன்றும் கலர் படம் முழுசாகத் தெரியப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். அந்த மூணு வயசுப் பாப்பா இவ்வளவு நேரம் பொறுத்திருக்க மாட்டாள்.